புதுப் பெட்டியை மாட்டியதும் இன்டர்நெட் நின்றுவிட்டதா? வீட்டு லேன் இணைப்பைப் படிப்படியாகச் சரிபார்க்கும் வழி

போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பலகாரத் தட்டு வருவதற்குள் அத்தான் என் கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிப் பக்கம் இழுத்துப் போனார். முந்தின நாள் வாங்கி மாட்டிய எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) ஸ்விட்ச் ஒன்று அங்கே இருந்தது. அதன் விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், திருவிழாச் சீரியல் விளக்குபோலத் துடித்துக்கொண்டிருந்தன. டிவியில் இன்டர்நெட் இல்லை, கம்ப்யூட்டரில் இல்லை, கேபிளுக்குச் சம்பந்தமே இல்லாத செல்போன் வைஃபையிலும் இல்லை. "லைட் எல்லாம் நன்றாகத்தான் எரிகிறது மாப்பிள்ளை, ஆனால் ஒன்றும் வரவில்லை" என்றார். இன்டர்நெட் கம்பெனிக்கு இரண்டு முறை போன் செய்தாயிற்றாம். "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பதில் வந்ததாம். அவர்கள் சொன்னது உண்மைதான்.

அந்த வீட்டில் நடந்தது என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன். நேற்று வரை ஓடிய இணைப்பு, ஒரு ஸ்விட்ச்சோ இரண்டாவது ரூட்டரோ கேமராப் படங்களைப் பதியும் டிவிஆரோ சேர்த்ததும் நின்றுபோனால், பத்தில் ஒன்பது முறை கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிப்பு வேண்டாம். ஒரு லேப்டாப், நன்றாக வேலை செய்வது உறுதியாகத் தெரிந்த ஒரு சின்ன கேபிள், ஒரு மணி நேரப் பொறுமை ஆகிய மூன்றும் போதும். மூன்றாவதுதான் கிடைப்பது கடினம்.

கை வைப்பதற்கு முன்

ரூட்டரின் பின்புறம் குண்டூசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அதற்குள் குண்டூசியை விடாதீர்கள். அது ரீசெட் துளை. சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். கம்பெனிக்காரர் வந்து உள்ளே பதிந்துவிட்டுப் போன பயனர் பெயர், கடவுச்சொல், மற்ற அமைப்புகள் எல்லாம் அழிந்துபோகும். சின்னக் கோளாறோடு தொடங்கியவர்கள் இந்த ஒரு குத்தில் மூன்று நாள் இன்டர்நெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெட்டியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்துச் செருகினால் போதும்.

அடுத்து, ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருந்தது என்பது அரை மணி நேரத்தில் மறந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று கடைசி வரை தெரியாது.

முதல் வேலை: பழைய நிலைக்குத் திரும்புவது

புதிதாக வாங்கிய பெட்டியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கேபிள்களை முன்பு இருந்தபடியே மாட்டுங்கள். மோடத்தை நிறுத்தி மறுபடி போட்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். இப்போது அந்தச் சின்ன கேபிளால் லேப்டாப்பை நேராக மோடத்தின் லேன் போர்ட்டில் இணைத்துப் பாருங்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டுத்தான் கேபிளைச் சோதிக்க வேண்டும். அணைக்காவிட்டால், கேபிள் செத்துக் கிடந்தாலும் லேப்டாப் சத்தமில்லாமல் வைஃபை வழியாகப் பக்கங்களைத் திறந்து காட்டும். நீங்களும் கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

நேர் இணைப்பில் இன்டர்நெட் வந்துவிட்டால் நல்ல செய்தி. கோளாறு புதுப் பெட்டியிலோ, அதற்குப் போகும் கேபிளிலோ, அதன் அமைப்பிலோதான் இருக்கிறது. வரவில்லையென்றால் பெட்டியை மாட்டும்போது வேறு எதையோ தொந்தரவு செய்திருக்கலாம். ஃபைபர் மோடத்தின் முகப்பில் எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் தெருவிலிருந்து வரும் மெல்லிய ஃபைபர் இழை மடிந்தோ கழன்றோ இருக்கிறது என்று பொருள். அது கண்ணாடி இழை. பிளாஸ்டிக் கயிறுபோல மடக்கி ஆணியில் சுற்றினால் ஒளி கசிந்துவிடும். இதற்கு மட்டும் கம்பெனிக்காரரைக் கூப்பிடத்தான் வேண்டும்.

எந்தப் பெட்டிக்கு எந்த வேலை

மூன்று பெட்டிகளையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினைகள் வருகின்றன. ஃபைபரில் வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றுவது ஃபைபர் மோடம். வேலைக்கு வருபவர்கள் அதை ஓஎன்டி என்பார்கள். வீட்டுக்கு ஒரு வெளி முகவரியை வாங்கி, உள்ளே இருக்கும் கருவிகளுக்கெல்லாம் தனித்தனி உள் முகவரி பிரித்துக் கொடுப்பது ரூட்டர். இப்போது வரும் பெரும்பாலான பெட்டிகளில் மோடம், ரூட்டர், வைஃபை மூன்றும் ஒரே உடலில் இருக்கின்றன. ஸ்விட்ச் என்பது போர்ட்டுகளை அதிகமாக்கும் பெட்டி மட்டுமே. அது யாருக்கும் முகவரி தராது, கடவுச்சொல் கேட்காது. கடையில் வெறுமனே ஸ்விட்ச் என்று கேட்டால் சுவரில் பதிக்கும் மின்விளக்குச் சுவிட்சை எடுத்துக் காட்டுவார்கள். நெட்வொர்க் ஸ்விட்ச் என்று கேளுங்கள்.

ஒரு வீட்டில் எத்தனை ஸ்விட்ச் வேண்டுமானாலும் இருக்கலாம். முகவரி பிரித்துத் தரும் ரூட்டர் மட்டும் ஒன்றுதான் இருக்க வேண்டும். இந்த விதியை மீறும்போது என்ன ஆகும் என்பதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

மின்சாரமும் அடாப்டரும்

அலமாரிக்குள் நாலைந்து கறுப்பு அடாப்டர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். முள் ஒரே அளவில் இருப்பதால் 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் கேட்கும் ஸ்விட்ச்சில் செருகிவிடுவது சுலபம். அப்படிச் செய்தால் ஸ்விட்ச் அங்கேயே உயிரை விடலாம். எதிர்மாறாக, குறைந்த ஆம்பியர் தரும் அடாப்டரை மாட்டினால் பெட்டி எரியும், ஆனால் வேலை கூடும்போது தானாக அணைந்து அணைந்து எரியும். பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அடாப்டரின் ஆம்பியர் பெட்டி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

மின்வெட்டுக்காக மினி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதில் ரூட்டரோடு ஸ்விட்ச்சையும் சேர்த்துத் தொங்கவிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு பெட்டிக்கென்று வாங்கிய யுபிஎஸ் இரண்டு பெட்டிகளைத் தாங்காமல் திணறுவது வழக்கம்.

விளக்குகள் சொல்வது

கேபிளின் இரு முனைகளையும் இரண்டு பெட்டிகளில் செருகியதும், இரண்டு பக்கமும் அந்தந்தப் போர்ட்டின் விளக்கு எரிய வேண்டும். விளக்கே எரியவில்லையென்றால் கேபிள், போர்ட், மின்சாரம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். முகவரி, கடவுச்சொல் பக்கமெல்லாம் இப்போதைக்குப் போக வேண்டாம். விளக்கு நிலையாக எரிந்தால் இணைப்பு இருக்கிறது. இடையிடையே மின்னினால் தகவல் போய்வருகிறது. நிறங்களுக்குப் பெட்டிக்குப் பெட்டி பொருள் மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல ஸ்விட்ச்களில் பச்சைக்கு ஒரு வேகம், ஆரஞ்சுக்கு ஒரு வேகம்.

விளக்கு எரியாத போர்ட்டிலிருந்து கேபிளைக் கழற்றி, எரியும் போர்ட்டில் செருகிப் பாருங்கள். அங்கே எரிந்தால் முதல் போர்ட் போய்விட்டது. ஐப்பசி இடிமழைக்குப் பிறகு இப்படி ஒரே ஒரு போர்ட் மட்டும் செத்துப்போவது நம் ஊரில் நடப்பதுதான். பெரும்பாலும் அது மொட்டைமாடியில் உள்ள கேமராவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ வெளியே கேபிள் போகும் போர்ட்டாக இருக்கும்.

கேபிள்: பெரும்பாலான கோளாறுகளின் இருப்பிடம்

லேன் கேபிளுக்குள் எட்டு வயர்கள் இருக்கின்றன, இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு அவற்றில் நான்கு வயர்கள் போதும். கேபிள் முனையிலுள்ள கனெக்டரின் 1, 2, 3, 6 ஆகிய பற்கள் மட்டுமே வேலை செய்யும். 1000 எம்பிபிஎஸ், அதாவது கிகாபிட் வேகத்துக்கு எட்டு வயர்களும் வேண்டும்.

புதுப் பெட்டி வந்ததும் பழைய கேபிள் திடீரென்று பழுதானதுபோலத் தோன்றும் மர்மத்துக்கு விடை இதில் இருக்கிறது. ஐந்து வருடமாக மாடிக்குப் போய்க்கொண்டிருந்த கேபிளில் நீல வயர் எப்போதோ அறுந்திருக்கும். பழைய பெட்டி 100 எம்பிபிஎஸ் பெட்டி என்பதால் அதற்கு நீல வயர் தேவையே இல்லை. யாருக்கும் தெரியாமல் ஓடியது. நீங்கள் ஆசையாகக் கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி மாட்டியதும் அது எட்டு வயரையும் கேட்கிறது. சில கருவிகள் நிலைமையைப் புரிந்துகொண்டு தாமாகவே 100க்கு இறங்கிக்கொள்ளும். சில, இணைப்பே எடுக்காமல் விளக்கை அணைத்து அணைத்து எரித்துக்கொண்டிருக்கும். புது ஸ்விட்ச்சைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு நடப்பதற்கு முன் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் ஒரே லேன் கேபிளைப் பிரித்து, நான்கு வயரை இன்டர்நெட்டுக்கும் மீதியைத் தொலைபேசிக்கும் கொடுத்திருப்பார். சுவரிலுள்ள பெட்டியைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

சோதனை எளிது. மாடிக் கேபிளை விட்டுவிட்டு, புது ஸ்விட்ச்சை மோடத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, நம்பிக்கையான அந்தச் சின்ன கேபிளால் இணையுங்கள். லேப்டாப்பையும் அதே ஸ்விட்ச்சில் சின்ன கேபிளால் இணையுங்கள். வேலை செய்தால் ஸ்விட்ச் நல்லது, சுவருக்குள் போகும் கேபிள்தான் குற்றவாளி.

கேபிள் டெஸ்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு முனைகளிலும் செருகினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். ஒன்று எரியாவிட்டால் அந்த வயர் அறுந்திருக்கிறது. வரிசை மாறி எரிந்தால் கிரிம்பிங் செய்தவர், அதாவது முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தியவர், வயரை மாற்றிச் செருகியிருக்கிறார்.

நீங்களே கிரிம்பிங் செய்வதாக இருந்தால் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கனெக்டரின் கிளிப் கீழ்ப்பக்கமும், பொன்னிறப் பற்கள் மேல்பக்கமும், முனை உங்களுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் பிரிந்து நீல ஜோடியை அணைத்து நிற்பது விசித்திரமாகத் தோன்றும். அதனால் சிலர், இரு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதும் என்று நினைத்து, ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி என்று அழகாக அடுக்கிவிடுவார்கள். டெஸ்டர் எட்டு விளக்குகளையும் சரியாக எரித்துக் காட்டும். ஆனால் 3, 6 ஆகிய பற்களுக்கு ஒரே முறுக்கிலுள்ள வயர்கள் போகாததால் மின்குறிப்புகள் ஒன்றில் ஒன்று கலந்து, இணைப்பு தடுமாறும். சின்ன நீளத்தில் ஓடிவிடும், மாடி வரை போனால் அறுந்துவிடும். டெஸ்டர் நற்சான்று தந்த கேபிளையும் கண்ணால் பார்க்கச் சொல்வது இதனால்தான். கனெக்டர் கண்ணாடிபோல இருப்பதால் உள்ளே நிறம் தெரியும்.

வாங்கும்போது கேட் 5இ அல்லது கேட் 6 கேளுங்கள். வீட்டுக்கு இரண்டுமே போதும். விலை சந்தேகத்துக்கு இடமளிக்கும் அளவு குறைவாக இருந்தால் ஒரு வயரைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகப் பளபளத்தால் அது செம்பு பூசிய அலுமினியம். சீக்கிரம் ஒடியும், கேபிள் வழியே மின்சாரமும் அனுப்பும் கேமராக்களுக்கு ஏற்றதல்ல. முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கேபிளின் உச்ச நீளம் 100 மீட்டர். சாதாரண வீட்டில் அந்த எல்லையைத் தொடவே மாட்டீர்கள். மின்சார வயர் போகும் அதே குழாயில் லேன் கேபிளை இழுக்க வேண்டாம். எலி கடித்த இடம், கதவிடுக்கில் நசுங்கிய இடம், கட்டிலின் கால் ஏறி நிற்கும் இடம் ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள்.

வட்டம் போட்ட கேபிள்

இப்போது அத்தான் வீட்டு அலமாரிக்குத் திரும்புவோம். அங்கே ஒரு கேபிள் ஸ்விட்ச்சின் மூன்றாவது போர்ட்டிலிருந்து புறப்பட்டு, மற்றவற்றோடு சேர்த்து அழகாகக் கட்டப்பட்டு, அதே ஸ்விட்ச்சின் ஏழாவது போர்ட்டில் போய் முடிந்தது. முனை சும்மா தொங்குவது அசிங்கமாக இருக்கிறது என்று காலியாக இருந்த துளையில் செருகி வைத்ததாக அத்தான் சொன்னார்.

வீட்டு நெட்வொர்க்கில் 'எல்லோருக்கும்' என்று அனுப்பப்படும் தகவல்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஒன்று வந்தால் ஸ்விட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் நகலெடுத்து அனுப்பும். மூன்றில் வெளியே போனது ஏழில் உள்ளே வரும். புதிது என்று நினைத்து ஸ்விட்ச் மறுபடியும் எல்லோருக்கும் அனுப்பும். இன்டர்நெட்டில் பயணம் செய்யும் ஐபி தகவலுக்காவது இத்தனை தாவலுக்குப் பிறகு செத்துவிடு என்று ஒரு ஆயுள் எண் உண்டு. ஸ்விட்ச்சின் மட்டத்தில் ஓடும் ஈதர்நெட் தகவலுக்கு அதுகூட இல்லை. ஒரு நொடிக்குள் வீடு முழுக்க நகல்களால் நிரம்பிவிடும். வைஃபையும் அதே உள் நெட்வொர்க்கின் பகுதி என்பதால் அதுவும் மூச்சுத் திணறும். எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிப்பதுதான் இதன் அடையாளம்.

இதைத் தடுக்க 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை வகுத்தார். வட்டம் உருவானால் ஸ்விட்ச்சே ஒரு வழியை மூடிவிடும். அலுவலகங்களில் உள்ள விலை கூடிய ஸ்விட்ச்களில் அது இருக்கும். நாம் வீட்டுக்கு வாங்கும் சாதாரண ஸ்விட்ச்களில் பெரும்பாலும் இருக்காது.

தீர்வு: ஸ்விட்ச்சில் உள்ள எல்லாக் கேபிளையும் கழற்றுங்கள். மோடத்திலிருந்து வரும் ஒன்றை மட்டும் செருகுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றுக்கும் பிறகு லேப்டாப்பில் ஒரு பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். எதைச் செருகியதும் நிற்கிறதோ அதுதான். வட்டம் எப்போதும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டுமென்பதில்லை. கீழ் ஸ்விட்ச்சுக்கும் மாடி ஸ்விட்ச்சுக்கும் இடையே இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்களும் இதே குழியில் விழுகிறார்கள்.

இரண்டு முதலாளிகள் உள்ள வீடு

மாடியில் வைஃபை எட்டவில்லை என்று பழைய ரூட்டர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து ஸ்விட்ச்போல மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் கோளாறு இப்படி இருக்கும்: சில கருவிகளில் இன்டர்நெட் வரும், சிலவற்றில் வராது, காலையில் வந்தது மாலையில் வராது, ரீஸ்டார்ட் செய்தால் ஆள் மாறும். விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரியும்.

காரணம், ஒரு கருவி புதிதாக வரும்போது "எனக்கு யாராவது முகவரி கொடுங்கள்" என்று எல்லோரையும் கேட்கும். முகவரி கொடுக்கும் இந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். இரண்டு ரூட்டர்கள் இருந்தால் பெரும்பாலும் முந்திக்கொள்பவரின் பதிலே செல்லும். பழைய ரூட்டர் முந்திக்கொண்டால், வெளியே போகும் வழி நான்தான் என்று தன் முகவரியையே கொடுக்கும். அதற்கோ வெளியே வழியே கிடையாது.

உங்கள் கருவிக்கு யார் முகவரி கொடுத்தது என்று பார்க்க, விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். ஐபிவி4 அட்ரஸ், டிஃபால்ட் கேட்வே என்ற இரண்டு வரிகள் முக்கியம். கேட்வே என்பது வெளிவாசல். அது உங்கள் முதன்மை ரூட்டரின் முகவரியாக இருக்க வேண்டும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. முகவரி 169.254 என்று தொடங்கினால், யாருமே பதில் சொல்லாததால் லேப்டாப் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது மறுபடி கேபிளுக்கும் விளக்குக்கும் போங்கள்.

பழைய ரூட்டரை அடக்கி வைக்கும் முறை இது. வரிசை மாறக் கூடாது.

1. பழைய ரூட்டரை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, அதன் லேன் போர்ட்டில் லேப்டாப்பை மட்டும் இணையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே நுழையுங்கள்.

2. லேன் அமைப்பில் அதன் முகவரியை மாற்றுங்கள். முதன்மை ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று வைக்கலாம். முதன்மை ரூட்டர் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எண்களின் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். சேமித்ததும் இணைப்பு அறுந்துபோகும். கேபிளைப் பிடுங்கிச் செருகி, புது முகவரியில் மறுபடி நுழையுங்கள்.

3. வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கீழே உள்ள முதன்மை ரூட்டரில் இருப்பதுபோலவே வைத்துவிடுங்கள்.

4. கடைசியாக டிஹெச்சிபியை அணையுங்கள். இதை முதலில் செய்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

5. கீழிருந்து வரும் கேபிளை இதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் (WAN) என்று எழுதிய, வெளி இணைப்புக்கான, பெரும்பாலும் நிறம் மாறி இருக்கும் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

ரூட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று ஒரு தேர்வு இருந்தால் இவ்வளவு பாடே வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாவற்றையும் அதுவே செய்துகொள்ளும். ஆனால் அந்த மோடில் வான் போர்ட்டும் இன்னொரு லேன் போர்ட்டாக மாறிவிடும். இரண்டிலிருந்தும் ஒரே ஸ்விட்ச்சுக்குக் கேபிள் போட்டால் முன்பு சொன்ன வட்டம்தான்.

கேமரா டிவிஆர் சேர்த்தவர்களுக்கு

கேமரா மாட்ட வருபவர்கள் டிவிஆருக்கு ஒரு நிலையான முகவரியைக் கையால் பதிந்துவிட்டுப் போவார்கள். அதே முகவரியை ரூட்டர் பிறகு உங்கள் டிவிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். டிவி போட்டால் கேமரா போகும், கேமரா பார்த்தால் டிவி போகும். ரூட்டரின் அமைப்பில் பிரித்துக் கொடுக்கும் வரம்பை, எடுத்துக்காட்டாக, 192.168.1.100 முதல் 199 வரை என்று சுருக்கிவிட்டு, டிவிஆருக்கு 192.168.1.50 போல வெளியே உள்ள எண்ணைக் கொடுங்கள்.

லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் கேமராக்கள் பகலில் ஒழுங்காக இருந்து, இருட்டியதும் ஒவ்வொன்றாக அறுந்துபோனால் பேய் எதுவும் இல்லை. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது மின்தேவை கூடுகிறது. இப்படிக் கேபிள் வழியே மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச் மொத்தமாக எத்தனை வாட் தரும் என்று அதன் மேல் எழுதியிருக்கும். கேமராக்களின் கூட்டுத்தொகையை அதோடு ஒப்பிடுங்கள்.

பிங் செய்து பார்ப்பது

விளக்கு சரி, முகவரியும் சரி, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை என்றால் கமாண்ட் பிராம்ப்டில் பிங் (ping) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, கேட்வே முகவரியைக் கொடுங்கள். நான்கு பதில்கள் வர வேண்டும். கேபிள் இணைப்பில் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள் வரும். சில வந்து சில தவறினால் கேபிளிலோ வட்டத்திலோ இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. கேட்வே பதில் சொன்னால், அடுத்து 8.8.8.8 என்ற முகவரியைப் பிங் செய்யுங்கள். இது கூகுள் நடத்தும் பொதுச் சேவையின் முகவரி. இதுவும் பதில் சொல்லி, பெயர் அடித்தால் மட்டும் தளம் திறக்காவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும்தான் கோளாறு. ரூட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 என்று பதிந்தால் தீர்ந்துவிடும். கேட்வே பதில் சொல்லி 8.8.8.8 மௌனமாக இருந்தால், இப்போதுதான் கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டிய நேரம்.

வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது

200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள், வேகச் சோதனை 94 அல்லது 95இல் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகமே வேண்டாம், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்று இருக்கிறது. ஸ்விட்ச்சின் பெட்டியில் 10/100 என்று மட்டும் எழுதியிருக்கலாம். கேபிளில் ஒரு வயர் அறுந்து 100க்கு இறங்கியிருக்கலாம். சில ஃபைபர் மோடங்களில் நான்கு லேன் போர்ட்டுகளில் ஒன்று மட்டும் கிகாபிட்டாக இருக்கும். ஸ்விட்ச்சை அந்த ஒன்றில் மாட்டுங்கள். செட் டாப் பாக்ஸுக்கு என்று ஒதுக்கிய போர்ட்டில் மாட்டினால் சில வீடுகளில் இன்டர்நெட்டே வராது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீட் என்ற வரியில் 100 அல்லது 1000 என்று வெளிப்படையாகவே காட்டும்.

போனை எடுக்கும்போது

ஃபைபர் மோடத்துக்குப் பின்னால் சொந்தமாகப் புது ரூட்டர் வாங்கி மாட்டியவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல். சில கம்பெனிகள் பழைய ரூட்டரின் மேக் முகவரியை (தொழிற்சாலையிலேயே பெட்டிக்கு இடப்படும் அடையாள எண்) பதிந்து வைத்திருக்கும். வேறு பெட்டி வந்தால் கதவைத் திறக்காது. போனில் "நெட் வரவில்லை" என்று சொல்லாதீர்கள். "புது ரூட்டர் மாட்டியிருக்கிறேன், மேக் முகவரியை மாற்றிப் பதிய வேண்டும், பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும்" என்று சொல்லுங்கள். பிபிபிஓஇ என்பது கம்பெனியின் நெட்வொர்க்கில் ரூட்டர் உள்நுழையும் முறை. எதிர்முனையில் இருப்பவர் உங்களை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி இருபது நிமிடம் ஓட்டாமல் நேராக வேலைக்கு வருவார். எல்ஓஎஸ் விளக்கின் நிலை, பிங் சோதனையில் எது வரை பதில் வந்தது ஆகிய இரண்டையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், மறப்பதற்கு முன், மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளை பிளாஸ்டரை ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் சுற்றி, டிவி, மாடி, டிவிஆர் என்று பேனாவால் எழுதிவிடுங்கள். அத்தான் வீட்டு அலமாரியில் அன்றைக்கே எழுதினோம். மூன்றுக்கும் ஏழுக்கும் இடையே வட்டம் போட்ட கேபிளில் மட்டும் அக்காவின் கையெழுத்து இருக்கிறது: "எங்கும் செருகாதீர்கள்."